பாடிப் பார்த்தல்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

செயற்குழுவினர் எமக்களித்த பொருள் இம்மேடைக்குப் புதிது. குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுக எனப் பணித்திருப்பின் எம் பணி எளிதாயிருக்கும். முன்னோர் நடந்த தடம் உண்டு, அதன்மேல் நடந்து போயிருப்போம். ஜப்பான் நாட்டில் ஆக்கப்பெறும் சித்திரப் படங்களின் முகப்புப் பாடல்களை, அப்படங்களில் வரும் பாத்திரத்தின் குரலிலேயே, முறையாக இசை பயிலாதோர் பாடி மகிழும் வழக்கத்தைப் பற்றிப் பேசுக என்றனர். காரணம் இங்குள்ளோர் பலரும் அறிந்ததே. சென்ற ஆண்டு விழாவின் பல்சுவை நிகழ்ச்சிக்கு ஒத்திகை நடந்தபோது, நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தி அத்தகைய பாட்டொன்றைப் பாடிக் காட்டினாள். “இஃதென்ன கீச்சுக் குரல்?” என்று நகைத்தார் ஒருவர். “தமிழ்ச் சங்க மேடையில் ஜப்பானியப் பாட்டு எதற்கு?” என்றார் மற்றொருவர். “குழந்தையின் தொண்டை கெட்டுவிடாதா?” என அஞ்சினார் ஓர் அம்மையார். பாட்டு நிகழ்ச்சியில் சேரவில்லை. சிறுமி அழவுமில்லை, வாதாடவுமில்லை. தாளை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாள். இவ்வாண்டும் அதே கோரிக்கை, இம்முறை ஐந்தாறு பிள்ளைகளிடமிருந்து, செயற்குழுவின் முன் வந்துள்ளது. முடிவு செய்வதற்கு முன் பொருளை அறிவது நன்று என்று கருதிய செயற்குழுவினருக்கு எம் நன்றி.

‘அனிமே’ என்னும் சொல் அனிமேஷன் என்னும் ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர் சுருக்கி வழங்குவது. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் இக்கலையின் பெருவழக்கைத் தொடங்கி வைத்தது, 1963ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘தெத்சுவான் அதோமு’ என்னும் தொடர். ஆஸ்ட்ரோ பாய் என்று உலகம் அறியும் அவ்வியந்திரச் சிறுவனைப் படைத்தவர் ஒசாமு தெசுகா. அதன் முகப்புப் பாட்டுக்குச் சொல் அமைத்தவர் யாரெனின், ஷுன்தாரோ தனிகாவா என்னும் பெருங்கவிஞர். 2024ஆம் ஆண்டில் மறைந்தவர். குழந்தைகள் பார்க்கும் படந்தானே என்று அந்நாட்டின் தலைசிறந்த கவிஞர் ஒதுங்கவில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளவேண்டும். பாடியது சிறுவர் குழு. பின்னர் 1972இல் வந்த ‘மஸிங்கர்’ தொடருக்குப் பாடிய இச்சிரோ மிசுகி, இவ்வகைப் பாட்டையே தம் வாழ்நாள் தொழிலாக்கிக் கொண்டார். 1999இல் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஆயிரம் பாட்டுப் பாடி நிறைவேற்றினார். இவையெல்லாம் வீரனைப் பற்றி மற்றொருவர் பாடும் பாட்டுகள். பரணி பாடும் புலவன் போர்க்களத்து வேந்தன் ஆகான் அன்றோ? அதுபோல.

பாத்திரமே வாய் திறந்து பாடும் பாட்டு மற்றொரு வகை. இடைநிலையில் நிற்பது நம் பிள்ளைகள் அனைவரும் அறிந்த ‘டோரேமான்’. 1979இல் தொடங்கிய அத்தொடரின் பாட்டைப் பாடியவர் குமிகோ ஓசுகி என்னும் பாடகியார். ஆனால் பாட்டின் இடையிடையே அந்த நீலப் பூனை தன் கரகரத்த குரலில் குறுக்கிட்டுத் தன் கருவியின் பெயரைச் சொல்லும்; அக்குரல் நொபுயோ ஓயாமா என்னும் நடிகையாருடையது. பாட்டை ஒருவரே பாட முயலுங்கால், தெளிந்த குரலில் பாடிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் குரலைப் பூனைக்குக் கொடுத்து, அடுத்த அடிக்கு மீண்டும் பாடகியாரிடம் திரும்ப வேண்டும். இதனைத் தாளம் தப்பாமல் செய்யும் பிள்ளையை எளிதாக எண்ணற்க.

முழுமையாகப் பாத்திரத்தின் பாட்டு என்பதற்கு ‘ஷின்-சான்’ தொடரின் 1995ஆம் ஆண்டுப் பாட்டு நல்ல சான்று. ஐந்து வயதுக் குறும்பன் ஒருவன் தானே பாடுவதாக அமைந்தது. இசைத்தட்டிலும் அவன் பெயரே முதலில் நிற்கும். பாடியவர் அவனுக்குக் குரல் கொடுத்த அகிகோ யாஜிமா அம்மையார். இத்தொடர் 2006 முதல் இந்தி வழியே நம் வீடுகளுக்குள் நுழைந்தது. அவன் பேசும் பேச்சைப் பிள்ளைகள் பேசத் தொடங்கியதும் பெற்றோர் பலர் கடிந்துகொண்டதும் நாம் கண்ட கதை. அக்கடிதலில் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் சொல்லும் சொல்லை நாம் வேண்டோம். அவன் குரலை ஆக்கிய கைத்திறனைப் பற்றியே பேசுகின்றோம்.

இந்தியாவுக்கும் அனிமேப் பாட்டுக்கும் உள்ள உறவு ஷின்-சானோடு தொடங்கியதன்று. 1989இல் ஜப்பானில் எடுக்கப்பட்ட ‘ஜங்கிள் புக்’ தொடரைத் தூர்தர்ஷன் 1993இல் இந்தியில் வழங்கியபோது, குல்சார் எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைக்க, புதியதொரு முகப்புப் பாட்டே பிறந்தது. இன்று நாற்பதைக் கடந்து, தம் பிள்ளைகளின் ‘கீச்சுக் குரலை’க் கண்டிக்கும் தந்தையர் சிலர், அந்நாளில் ஞாயிறுதோறும் கட்டிலின்மேல் நின்று அப்பாட்டைப் பாடியவர்களே. பெயர் சொல்லமாட்டோம், அவர்கள் பின்வரிசையில் அமர்ந்துள்ளனர்.

இனி, பயிலாதோர் பாடுதல் என்பதைக் காண்போம். ஜப்பானியர் இதற்கு அளிக்கும் மதிப்பு வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்து ஐந்து திங்களே ஆகியிருந்த 1946 ஜனவரியில், நகரங்கள் சாம்பலாய்க் கிடந்த நாளில், அவர்தம் வானொலி ‘நோதோ ஜிமான்’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. நோதோ என்றால் தொண்டை. ஜிமான் என்றால் பெருமை பாராட்டுதல். ஊர் ஊராகச் சென்று, எளிய மக்களை மேடையேற்றிப் பாடச் செய்து, மணியடித்து மதிப்பிடும் முறை. ஒரு மணி அடித்தால் இறங்கிவிடலாம். மணிகள் தொடர்ந்து முழங்கினால் வெற்றி. அந்நிகழ்ச்சி இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறுகின்றது. ஒரு மணி வாங்கியோரும் சிரித்துக்கொண்டே இறங்குவதைக் காணலாம்.

கரோக்கே பிறந்த கதையும் இவ்வகையினதே. ‘கரா’ என்பது வெறுமை. ‘ஓக்கே’ என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். பாடகர் இல்லாத பக்கவாத்தியம் என்பது பொருள். 1967இல் தோக்கியோவில் ஷிகெயிச்சி நெகிஷி இத்தகைய கருவி ஒன்றைச் செய்தார். கோபே நகரத்து மதுக்கூடங்களில் இசைக்கருவி வாசித்துப் பிழைத்த தைசுகே இனோவே, அதனை அறியாமலே 1971இல் தம் கருவியைச் செய்தார். அவர் கதை சுவையானது. வாடிக்கையாளர் ஒருவர் வெளியூர்ப் பயணத்தில் பாட விரும்பித் துணைக்கு அழைத்தார். இனோவே போக இயலவில்லை. அவர் குரல் எட்டும் சுருதியில், அவர் தடுமாறாத வேகத்தில், பக்கவாத்தியத்தை ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்நிகழ்ச்சியிலிருந்து எழுந்த எண்ணமே பதினொரு பெட்டிகளாயிற்று. உரிமைப்பதிவு செய்துகொள்ளாமையால் பெரும்பொருள் அவரைச் சேரவில்லை. இசை ஒருவரது குரலுக்கு இறங்கி வந்தது என்பதே இதிற் கவனிக்கத்தக்கது. இன்றும் கரோக்கே இயந்திரத்தில் சுருதியை ஏற்றவும் இறக்கவும் பொத்தான் உண்டு; பாத்திரக் குரலிற் பாடுவோர்க்கு அஃது எத்துணை இன்றியமையாதது என்பதைப் பின்னர்ச் சொல்வோம். 1980களின் நடுவில் ஒகயாமாப் பகுதியில் சரக்குப் பெட்டியொன்றைப் பாட்டறையாக மாற்றி வைத்தார்கள். தனியறைப் பாட்டு அவ்வாறு பரவிற்று. நால்வர் மட்டும் அமரும் மூடிய அறையில், ஐம்பது வயது எழுத்தர் ஐந்து வயதுச் சிறுவனாகப் பாடினாலும் கேலி செய்வார் இலர். கூச்சமுடைய மக்களுக்கு அது பெரும் விடுதலை.

2006ஆம் ஆண்டின் இறுதியில் நிக்கோ நிக்கோ என்னும் காணொளித் தளம் தோன்றியபின், அறைக்குள் பாடியோர் தம் பாட்டைப் பதிந்து பிறர்க்கும் வழங்கலாயினர். அத்தகைய பாட்டுகளுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘உத்தாத்தே மித்தா’. இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்போர் இடர்ப்படுகின்றனர். தமிழர்க்கோ இடரே இல்லை. உத்தாத்தே என்பது ‘பாடி’. மித்தா என்பது ‘பார்த்தேன்’. பாடிப் பார்த்தேன்! சுவைத்துப் பார், எழுதிப் பார் என்று நாம் சொல்வதுபோலவே, செய்தலுக்கு முன் ஒரு முயற்சியாகச் செய்வதை அவர்களும் ‘பார்’ என்னும் வினையாலேயே குறிக்கின்றனர். இது கண்டு உடனே ஜப்பானியரும் தமிழரும் ஒரு தாய் வயிற்றினர் என்று முழங்கிவிடலாகாது. சுசுமு ஓனோ (1919–2008) என்னும் பேராசிரியர் அவ்வுறவை நிறுவப் பல்லாண்டு உழைத்தார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு இருப்பினும் இல்லாவிடினும், அச்சொல்லின் அடக்கம் எமக்குப் பிடித்திருக்கின்றது. ‘பாடினேன்’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘பாடிப் பார்த்தேன்’ என்கின்றனர்.

இவர்களுள் ஆண்குரல், பெண்குரல் இரண்டிலும் பாடவல்லோர்க்கு ஒரு விளையாட்டுப் பெயர் உண்டு. நீரிலும் நிலத்திலும் வாழும் தவளை முதலிய உயிர்களைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லும், ‘இரு குரல் உடைய இனம்’ என்னும் சொல்லும் அங்கே ஒரே ஒலியின. ஆதலின் அப்பாடகர்களைத் தவளையினத்தில் சேர்த்துவிட்டனர். இவ்வகைப் பாட்டுகளுள் எம் செவியில் விழுந்தவற்றுட் பல இனியன அல்ல என்பதை மறையாது கூறுகின்றோம். குரலை உயர்த்திவிட்டால் பாத்திரம் வந்துவிடும் என்று எண்ணிக் கத்துவோர் பலர். நல்லவை சிலவே, அச்சிலவற்றிற் செய்யப்படுவது என்ன என்று ஆராய்ந்தபோதுதான் இப்பொருளின் அருமை எமக்குப் புலனாயிற்று.

அன்பர்களே, தொண்டையின் முன்புறத்தில் விரலை மெல்ல வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். உள்ளே ஒன்று மேலேறி இறங்குகின்றதன்றோ? அதுவே குரல்வளை. அதனுள் உள்ள குரல்நாண்கள் ஆடவர் பேசுங்கால் நொடிக்கு ஏறத்தாழ 110 முறையும், மகளிர்க்கு 200 முறையும், சிறு குழந்தைக்கு 300 முறையும் அதிர்கின்றன. ஆயின் குழந்தைக் குரலைக் குழந்தைக் குரலாக்குவது இவ்வெண் மட்டுமன்று. குரல்வளையிலிருந்து உதடு வரை உள்ள குழாய், வளர்ந்த ஆடவர்க்குப் பதினேழு சென்டிமீட்டர் அளவினது. குழந்தைக்கு அதனினும் மிகக் குறுகியது. நெடுங்குழலும் குறுங்குழலும் ஒரே சுரத்தை ஊதினாலும் ஒலியின் நிறம் வேறுபடுதல் போன்றது இது. கைதேர்ந்த குரல் நடிகர், குரல்வளையைச் சற்று உயர்த்தி, உதட்டை முறுவலிப்பதுபோல் பக்கவாட்டில் விரித்து, நாவை முன்தள்ளி, அக்குழாயைக் குறுக்கிக் கொள்கின்றார். மூக்கொலி வேண்டுமாயின் அண்ணத்தைத் தளர்த்துகின்றார். நெறிப்பது என்பதே அதில் இல்லை. பயிலாதவர் குழாயின் வடிவை மாற்றாமல் நாண்களை இறுக்குகின்றார், அங்கேதான் கேடு.

பேச்சில் இவ்வளவும் எளிது. பாட்டில்தான் இடர் வருகின்றது. பாத்திரத்தின் குரல் பேசுவதற்காகப் படைக்கப்பட்டது. பாட்டு மேலேறும்போது அக்குரலுக்கு அங்கே இடமிருக்காது. சுரத்தைப் பிடித்தால் பாத்திரம் நழுவும். பாத்திரத்தைப் பிடித்தால் சுரம் நழுவும். நல்லோர் என்செய்கின்றனர்? ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் முடிவிலும் பாத்திரத்தை நிறுத்துகின்றனர். அது சொல்லைத் தொடங்கும் விதம், வல்லெழுத்தை வீசும் விதம், ஈற்றை இழுத்தோ வெடுக்கென விட்டோ முடிக்கும் விதம் ஆகியவற்றைக் காத்து, இடையே நீளும் உயிரொலியில் தம் தொண்டைக்கு ஓய்வளித்துச் செம்மையாகப் பாடிவிடுகின்றனர். கேட்போர் செவி இடையையும் பாத்திரமாகவே கேட்டுவிடுகின்றது. முதலில் தமக்கேற்ற சுருதியைத் தேடிக்கொள்ளவும் வேண்டும். இனோவே அவர்களின் பொத்தான் இங்கே உதவும்.

இது நமக்குப் புதிதா? 1960இல் வந்த ‘களத்தூர் கண்ணம்மா’வில் சிறுவன் கமலஹாசனுக்குப் பின்னணி பாடியவர் எம். எஸ். ராஜேஸ்வரி அம்மையார் அல்லரா? எஸ். ஜானகி அம்மையார் மழலைக் குரலிலும் பாடினார், மூதாட்டியின் குரலிலும் பாடினார். டி. எம். சௌந்தரராஜன் சிவாஜி கணேசனுக்குப் பாடியதையும் எம்.ஜி.ஆருக்குப் பாடியதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே இவர் யாருக்கு என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லிவிடுவர். ஒருவர் தொண்டையில் மற்றொருவர் முகத்தைக் காட்டும் இக்கலையை நாம் திரையரங்கில் கைதட்டி வரவேற்றோம். நம் சிறுமி செய்யும்போது மட்டும் கீச்சுக் குரல் என்கின்றோம்.

எனினும், இக்கலைக்கு எல்லை உண்டு என்பதையும் மறைத்தல் கூடாது. 1992 முதல் ஷின்-சானுக்குக் குரல் கொடுத்த யாஜிமா அம்மையார், 2018இல் அப்பணியை விட்டு விலகினார். இருபத்தாறு ஆண்டு! புகழுக்கும் குறைவில்லை, கேட்போரும் குறை கூறவில்லை. பின் ஏன் விலகினார்? குரலை ஆக்குவதிலேயே கருத்துச் சென்றுவிடுவதால், பாத்திரம் இயல்பாகப் பேசுவது தம்மிடமிருந்து வராமற் போகின்றது என்பது அவர் சொன்ன காரணம். எண்ணிப் பாருங்கள். குரல் இருந்தது, உள்ளிருந்து பேசும் சிறுவன் இல்லாமற் போய்க்கொண்டிருந்தான். கேட்போர்க்குத் தெரியாத அக்குறையை அவர் ஒருவரே கேட்டார். கீச்சுக்கும் கலைக்கும் உள்ள எல்லைக்கோடு இதனினும் தெளிவாக வரையப்பட்டதை யாம் அறியோம்.

டோரேமானின் குரலான ஓயாமா அம்மையாரும் 1979 முதல் 2005 வரை, அதே இருபத்தாறு ஆண்டு, ஒரு பாத்திரத்தோடு வாழ்ந்தவர். 2024இல் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். பள்ளி நாளில் அவருடைய குரல், பெண்பிள்ளைக்குரியதாக இல்லை என்று உடன்பயில்வோரின் எள்ளலுக்கு ஆளாயிற்று. அவர் வாய் திறவாமல் இருக்கத் தொடங்கினார். தாயார் அவரைத் தேற்றியதோடு அமையாமல், குரலைப் பயன்படுத்தும் குழுவிலேயே சேருமாறு கூறினார். பள்ளியின் ஒலிபரப்புக் குழுவில் சேர்ந்தார். எள்ளப்பட்ட அக்குரலைத்தான் பின்னர் ஒரு நாட்டுக் குழந்தைகள் தம் தோழனின் குரலாகக் கொண்டனர்.

இதனை ஈண்டு விரித்துரைக்கக் காரணம் உண்டு. நம் குடியிருப்பில் மூன்றாண்டுக்கு முன்வரை திருப்புகழை மணிமணியாகப் பாடிய சிறுவர் இருவர் இப்போது பாடுவதில்லை. பதின்மூன்று, பதினான்கு வயது; மகரக்கட்டு உடையும் பருவம். பழைய நாடகக் கம்பெனிகளில் இப்பருவம் வந்த பாலர்க்குப் பாட்டு வேடத்தைக் கொடுக்காமல் காத்திருப்பர். சிலர் அத்தோடு நாடகத்தையே விட்டதும் உண்டு. நம் சிறுவர்க்கோ காத்திருக்கச் சொல்வாரும் இலர். குரல் ஒரு நாள் தடித்தும் ஒரு நாள் பிளந்தும் வர, பஜனையில் பின்னால் போய் அமர்ந்து வாயை மட்டும் அசைக்கின்றனர். அவ்விருவரும் மாடிப்படியின் கீழ் அமர்ந்து ஒரு முரட்டு வீரனின் பாட்டை அவ்வீரன் குரலிற் பாடியதை யாம் கேட்டோம். பிளந்த குரல் அங்கே குறையாகப்படவில்லை. அவ்வீரனின் குரலும் பிளந்ததுதான். தம் குரல் தமக்கே அந்நியமாகிவிட்ட பருவத்தில், மற்றொருவன் குரலின் நிழலில் நின்று அவர்கள் பாடிக்கொண்டிருக்கின்றனர். இந்த நிழலையும் நாம் எடுத்துவிட்டால் அவர்கள் எங்கே பாடுவர்?

அம்மையாரின் அச்சத்துக்கு விடை சொல்லவேண்டும். மூன்று வினாக்களுள் எம்மை மிகச் சிந்திக்க வைத்தது அதுவே. தவறாகப் பாடினால் கெடும் என்பதே உண்மை. நெறித்து நெறித்துப் பாடினால் குரல்நாண்களில் சிறு காய்ப்பு விழுவது உண்டு. ஆதலின் ஒரு வேளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பாத்திரக் குரல் வேண்டா. இடையிடையே தண்ணீர் பருகவேண்டும். வலி எடுத்தால் அந்த நொடியே நிறுத்தவேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு பாடுவது வீரமன்று. கரகரப்பு இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைக் காணவேண்டும். மகரக்கட்டு உடையும் சிறுவர் மேற்சுரத்தைத் தொடவே வேண்டா. சுருதியை இறக்கிக் கொள்ளலாம்.

இனி, தமிழ் மேடையில் ஜப்பானியப் பாட்டு எதற்கு என்னும் வினா. நம் நிலைமையை நாமே நோக்குவோம். ஆண்டு விழாவில் இறைவணக்கம் பாடும் நம் பிள்ளைகளின் கையிலுள்ள தாள் எந்த எழுத்தில் உள்ளது? பாதிக்கு மேல் தேவநாகரி. எஞ்சியவை ஆங்கில எழுத்து. பொருள் தெரிந்து பாடுவோர் சிலர். ஒலியைப் பிடித்துக்கொண்டு பாடுவோர் பலர். ‘பழம்’ அவர்கள் வாயிற் ‘பலம்’ ஆகின்றது. ‘அறம்’ ‘அரம்’ ஆகின்றது. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகின்றோம். அதே பிள்ளைகள், பொருளே தெரியாத ஜப்பானியப் பாட்டின் ஓர் அசையைப் பிடிக்க அதை இருபது முறை திருப்பித் திருப்பிக் கேட்கின்றனர். அச்செவிக் கூர்மையை நாம் தமிழுக்காக ஒருபோதும் கேட்டுப் பெறவில்லை.

ஜப்பானிய மொழியின் யாப்பில் மாத்திரைக்கு நிகரான அளவொன்று உண்டு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, நம்மைப் போலவே. தொல்காப்பியர் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை வகுத்தார். கண்ணிமைப்பும் கைந்நொடியும் மாத்திரைக்கு அளவு என்றார். ஜப்பானியத்தில் சொல்லின் இடையில் இரட்டிக்கும் மெய்யும், அசையின் ஈற்று மூக்கொலியும் முழு அளவு பெறுகின்றன. அந்நாட்டின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘நிப்பொன்’ என்று எழுதித் தமிழ் முறையில் அளந்தால் ஒன்று, அரை, ஒன்று, அரை, ஆக மூன்று மாத்திரை. அவர்கள் கணக்கில் நான்கு. பாட்டில் அந்த ஈற்று னகரத்துக்குத் தனிச் சுரமே வைத்திருப்பர். நம் பிள்ளை அதனை அரையாக விழுங்கினால் தாளம் உடைந்துவிடும். இதனை உணர்ந்து பாடும் சிறுமிக்குக் ‘கல்’ என்பதற்கும் ‘கால்’ என்பதற்கும் உள்ள அளவை விளக்க இலக்கண வகுப்பு எதற்கு? கைந்நொடி போதும்.

ஆகவே செயற்குழுவுக்கு எம் விண்ணப்பம் இது. பாத்திரக் குரற் பாட்டுக்கு விழாவில் இருபது நிமிடம் ஒதுக்குக. பாடும் பிள்ளை, பாடுமுன் பாட்டின் பொருளைத் தன் சொந்தத் தமிழில் இரண்டு மூன்று வாக்கியத்தில் சபைக்குச் சொல்லவேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் செய்தல் கூடாது. கையிலுள்ள தாள் தமிழ் எழுத்தில் இருக்கவேண்டும்.

“தமிழ் எழுத்தில் ஜப்பானிய ஒலியை எழுத இயலாதே, ககரத்துக்கு ஒரே வடிவுதானே உள்ளது” என்று பிள்ளைகளே எம்மை மடக்கினர். வழி உண்டு, நம் வீட்டு அலமாரியிலேயே உண்டு. தமிழ் எழுத்தில் அச்சிட்ட வடமொழித் தோத்திர நூல்களை எடுத்துப் பாருங்கள். க, க², க³, க⁴ என எழுத்தின்மேல் எண்ணிட்டு நால்வகை ஒலியையும் காட்டியிருப்பர். பாட்டியார் நாள்தோறும் அதனைப் பார்த்துத்தானே பாராயணம் செய்கின்றார்! அம்முறையிலேயே எழுதலாம். ஜகரத்தினும் மெல்லிய உரசொலிக்கு முன்னால் ஓர் ஆய்தம் இடலாம். சொல்லின் இடையில் வரும் ககரத்தைப் பழம்பாடகர் மூக்கொலியாகப் பாடும் இடங்களில் நம் ஙகரமே இருக்கின்றது. ‘அங்ஙனம்’ போன்ற சில சொற்களன்றி வேலையில்லாமல் இருந்த அவ்வெழுத்துக்கும் வேலை கிடைக்கும்.

சென்ற ஆண்டு தாளை மடித்து வைத்துக்கொண்டு போன சிறுமியின் பாட்டை இம்முறையில் யாமும் அவளும் அமர்ந்து எழுதி முடித்துள்ளோம். மூன்று மாலை ஆயிற்று. முதற்படி செயலாளரிடம் உள்ளது. பார்வையிடுவோர், ககரத்தின்மேல் எண் விடுபட்ட இடங்களை எமக்கன்றி அவளுக்கே தெரிவிக்குமாறு வேண்டுகின்றோம்.